மறு ஒளிபரப்பு உரிமை யாருக்கு? – மகனைத் திரைத்தயாரிப்பு படிக்க அனுப்பவிருக்கும் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் நீங்களும் உங்கள் மகனும் என் அறைக்கு வந்திருந்தபோது மேசைமேல் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, லாஸ் ஏஞ்சலஸில் திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்பு முதுகலைப் படிப்புக்கு வந்திருக்கும் அனுமதிக் கடிதம். மற்றொன்று, வீட்டுப் பத்திரத்தை ஈடாகக் கேட்டு வங்கி அனுப்பியிருக்கும் கடன் ஒப்புதல் கடிதம். தம்பி முதல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் பார்வை இரண்டாவதை விட்டு அகலவில்லை. படிப்பு முடிந்ததும் ஏதாவது ஓர் இன்டிபெண்டன்ட் புரொடக்‌ஷன் கம்பெனியில் சேர்ந்துவிடுவேன் என்று அவர் சொன்னார். அப்படிப்பட்ட கம்பெனியில் மாதச் சம்பளம் உண்டா என்று நீங்கள் கேட்டீர்கள். உண்டு, இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்கிற கேள்வி அல்ல என்பதால்தான் எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னேன்.

இன்று நடந்துகொண்டிருக்கும் நிறுவனம் எதையும் நான் உதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நடப்பில் இருக்கும் நிறுவனத்தின் கணக்கு முழுதாக வெளியே தெரியாது. தொடங்கி, வளர்ந்து, விற்கப்பட்டு, கணக்கு மூடப்பட்ட ஒன்றை எடுத்துக்கொண்டால் வரவும் செலவும் தெளிவாகத் தெரியும். அதனால் டெசிலு புரொடக்‌ஷன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தேன். 1950-இல் நடிகை லூசில் பால், அவருடைய கணவரும் கியூபாவில் பிறந்த இசைக்குழுத் தலைவருமான டெசி ஆர்னாஸ் ஆகிய இருவரும் தங்கள் பெயர்களைச் சேர்த்துத் தொடங்கிய நிறுவனம் அது. 1967-இல் கைமாறியது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் உங்கள் கேள்விக்கான பதில் ஏறக்குறைய முழுவதும் இருக்கிறது.

சி.பி.எஸ். தொலைக்காட்சி லூசில் பாலை வைத்து ஒரு நகைச்சுவைத் தொடர் எடுக்க விரும்பியது. ஆனால் ஸ்பானிய உச்சரிப்புள்ள கணவரை அமெரிக்கக் குடும்பத் தலைவராகப் பார்வையாளர்கள் ஏற்கமாட்டார்கள் என்று தயங்கியது. தம்பதி இருவரும் 1950-இல் ஊர் ஊராகச் சென்று மேடையில் சேர்ந்து நடித்துக்காட்டிய பிறகே அந்தத் தயக்கம் தளர்ந்தது. அடுத்ததாக வந்த சிக்கல் தொழில்நுட்பம் சார்ந்தது. அக்காலத்தில் நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகவே பெரும்பாலும் ஒளிபரப்பாயின. தொலைக்காட்சித் திரையையே படம்பிடித்து எடுக்கும் கினெஸ்கோப் என்ற மங்கலான பிரதிதான் நாட்டின் மறுபக்கத்துக்குப் போகும். விளம்பரதாரரான பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கிழக்குப் பகுதியில் இருந்தார்கள். அவர்களுக்கு மங்கலான படத்தைக் காட்ட அந்நிறுவனம் சம்மதிக்கவில்லை. முதல் குழந்தையை எதிர்பார்த்திருந்த தம்பதிக்கோ கலிபோர்னியாவை விட்டு நகர விருப்பமில்லை.

அப்படியானால் 35 எம்.எம். ஃபிலிமிலேயே எடுத்துவிடலாம், நாடு முழுவதும் ஒரே தெளிவில் தெரியும் என்றார் ஆர்னாஸ். ஃபிலிமில் எடுத்தால் செலவு கூடும் என்று சி.பி.எஸ். தரப்பு சொன்னபோது, தங்கள் வாரச் சம்பளத்தில் 1,000 டாலரைக் குறைத்துக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டார். பதிலுக்கு, எடுத்த ஃபிலிம் முழுவதும் டெசிலுவின் சொத்து என்று எழுதி வாங்கிக்கொண்டார். ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சிக்கு மறுநாள் மதிப்பில்லை என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் என்பதால் அந்த உரிமை கேட்டதும் கிடைத்தது. ஐ லவ் லூசி என்ற அந்தத் தொடர் 1951 அக்டோபரில் தொடங்கியது. அடுத்த ஆண்டே லூசில் பால் இரண்டாவது பேறுகாலத்தில் இருந்தபோது, புதிய எபிசோடுகளுக்கு இடையில் பழையவற்றை மறுபடி போட்டார்கள். பார்வையாளர்கள் அவற்றையும் உட்கார்ந்து பார்த்தார்கள். பெட்டிக்குள் கிடந்த ஃபிலிமுக்கு விலை உண்டு என்பது அப்போதுதான் தெரியவந்தது.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. தம்பியிடம் அவருக்குப் பிடித்த தொடர்களைப் பற்றிக் கேட்டபோது ஒளிப்பதிவு, திரைக்கதை, வசனம் என்று ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசினார். அவற்றுள் ஒன்றின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. அது அவர் குற்றமன்று. விஸ்காம் படிப்பில் அதை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் தயாரிப்பு நிறுவனம் என்பதன் அடித்தளமே அந்தக் கேள்விதான் என்பதால், இயக்கம், ஒளிப்பதிவு ஆகிய பாடங்களோடு ஒப்பந்தம், பதிப்புரிமை, தயாரிப்புக் கணக்கு பற்றிய பாடங்களும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலில் உள்ளனவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, அங்கே யார் யாருக்கு வேலை இருந்தது என்பது. ஏறக்குறைய முந்நூறு பார்வையாளர்களை எதிரே உட்காரவைத்து, நாடகம்போல் காட்சிகளை வரிசையாக நடிக்கவைத்து, மூன்று ஃபிலிம் கேமராக்களால் ஒரே நேரத்தில் படம்பிடிப்பது அவர்களுடைய முறை. சாதாரணமாக ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்கை மாற்றி அமைப்பார்கள். இங்கே அதற்கு இடமே இல்லை. ஜெர்மானிய மௌனப் படங்களில் பேர்பெற்று, பின்னர் ஹாலிவுட்டில் ஆஸ்கார் விருதும் வாங்கியிருந்த கார்ல் ஃபிராய்ண்ட் என்ற ஒளிப்பதிவாளரை அழைத்துவந்தார்கள். விளக்குகளைப் பெரும்பாலும் தலைக்குமேல் கட்டி, எந்தக் கேமராவிலிருந்து பார்த்தாலும் முகத்தில் நிழல் விழாதபடி ஒரே சீராக ஒளி பரவும் முறையை அவர் அமைத்தார். கேமராக்கள் ஓடும்போது ஒன்றின் பார்வையில் மற்றொன்று வந்துவிடாமல் இருக்க, எந்த வசனத்துக்கு எந்தக் கேமரா வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப்பட்டது.

படத்தொகுப்பு அறையில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. மூவியோலா என்ற பழைய எடிட்டிங் இயந்திரத்தில் ஒரு ஃபிலிமைத்தான் ஓட்டிப் பார்க்க முடியும். மூன்று கேமராவின் ஃபிலிமையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, ஒலியோடு சேர்த்துப் பார்த்தால்தான் எங்கே வெட்டுவது என்று முடிவெடுக்க இயலும். ஆகவே மூன்று படத்தலைகளும் ஓர் ஒலித்தலையும் கொண்ட பெரிய இயந்திரம் ஒன்றை வரவழைத்தார்கள். டான் கான் என்ற எடிட்டர் அதில் வேலை செய்தார்; அந்த இயந்திரத்துக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயரைத் தமிழில் பூதம் என்று சொல்லலாம். ஃபிராய்ண்ட், கான் போன்றவர்களுக்கு வேலை கிடைத்தது ஒரு குறிப்பிட்ட சிக்கலை அவர்களால் தீர்க்க முடிந்ததால்தான். "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்" என்று தம்பி தன் சுயவிவரக் குறிப்பில் எழுதியிருப்பது எனக்கு ஒப்புதலாக இல்லை. எடிட்டிங்கோ, ஒலிப்பதிவோ, தயாரிப்பு நிர்வாகமோ, ஒரு கைத்தொழிலில் அவர் ஆழமாக இறங்க வேண்டும்.

இனி நிறுவனத்தின் வரவு செலவைப் பார்ப்போம். ஆறு பருவங்கள் ஓடிய தொடர் முடியும் தறுவாயில், அதன் பழைய எபிசோடுகளின் உரிமையை டெசிலு அதே சி.பி.எஸ்.ஸிடம் 40 லட்சம் டாலருக்கு மேல் விலைபேசி விற்றது. 1957 இறுதியில், மூடப்பட்டிருந்த ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவின் வளாகங்களைச் சுமார் 60 லட்சம் டாலருக்கு வாங்கியது. லூசில் பாலும் ஆர்னாஸும் முதன்முதலாகச் சந்தித்தது 1940-இல், ஆர்.கே.ஓ. படம் ஒன்றின் வேலையின்போது. சம்பளத்துக்கு நடித்த இடத்துக்கே உரிமையாளர்களாகத் திரும்பினார்கள். பத்திரிகைகள் அந்தச் செய்தியைக் கொண்டாடின. நான் ஆலோசகன் என்பதால் என் கண்ணில் வேறொன்று படுகிறது. பொன்முட்டை இடுவதை விற்றுவிட்டுக் கட்டடங்களை வாங்கியிருக்கிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட படப்பிடிப்புத் தளங்கள் கைக்கு வந்ததும், அவற்றைக் காலியாக விடாமல் நிரப்பியாக வேண்டிய கட்டாயமும் கூடவே வந்தது. ஆண்டி கிரிஃபித், டிக் வான் டைக் ஆகியோர் நடித்த புகழ்பெற்ற தொடர்கள் டெசிலு வளாகங்களில்தான் படமாயின. ஆனால் அவை பிற தயாரிப்பாளர்களின் சொத்து. டெசிலுவுக்கு அவற்றால் வாடகை வந்தது. மறு ஒளிபரப்பு வருமானம் வரவில்லை. பெரிய வளாகத்தையும் வாசலில் நிற்கும் பெயர்ப்பலகையையும் பார்த்து ஒரு நிறுவனத்தின் பலத்தை எடைபோடக் கூடாது என்று நான் மாணவர்களிடம் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

1958-இல் டெசிலு பங்குச் சந்தைக்குள் நுழைந்தது. 1960-இல் தம்பதி மணவிலக்குப் பெற்றனர். 1962-இல் ஆர்னாஸின் பங்குகளை வாங்கிக்கொண்டு லூசில் பாலே தலைவரானார். பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்றை நடத்திய முதல் பெண்களில் ஒருவர் அவர்.

அவர் காலத்தில்தான் ஸ்டார் டிரெக், மிஷன் இம்பாசிபிள் ஆகிய இரு தொடர்கள் தயாராகி 1966 செப்டம்பரில் ஒளிபரப்பாயின. ஸ்டார் டிரெக்கின் முதல் மாதிரி எபிசோடை என்.பி.சி. தொலைக்காட்சி நிராகரித்து, வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது மாதிரி ஒன்றை எடுத்துத் தரச் சொன்னது. இவ்வளவு செலவு பிடிக்கும் தொடர்களை நம்மால் தாங்க முடியாது என்று நிர்வாகக் குழுவில் எதிர்ப்பு எழுந்தபோதும் லூசில் பால் பின்வாங்கவில்லை என்று அங்கே பணிபுரிந்தவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். குழுவின் அச்சத்துக்கும் நியாயம் இருந்தது. தொலைக்காட்சி தரும் கட்டணம் தயாரிப்புச் செலவு முழுவதையும் ஈடுகட்டாது. துண்டுவிழும் தொகையைத் தயாரிப்பு நிறுவனம் தன் கையிலிருந்து போட வேண்டும். பல பருவங்கள் ஓடி, போதுமான எபிசோடுகள் சேர்ந்து, மறு ஒளிபரப்புக்கு விற்றால்தான் அது திரும்பி வரும். அதாவது தொடர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுவனத்தின் பணப்பெட்டி காலியாகிக்கொண்டிருக்கலாம். 1967-இல் கல்ஃப் அண்டு வெஸ்டர்ன் நிறுவனத்துக்கு 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு டெசிலு விற்கப்பட்டது. பக்கத்து வளாகமான பாரமவுண்டும் அந்நிறுவனத்திடமே இருந்ததால், டெசிலு பாரமவுண்ட் டெலிவிஷன் என்று பெயர் மாறியது. 1969-இல் நிறுத்தப்பட்ட ஸ்டார் டிரெக், எழுபதுகளில் மறு ஒளிபரப்பில்தான் பெரும் புகழ் பெற்றது. அந்த அறுவடை பாரமவுண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். ஒரு தொடரோ படமோ நடக்கும் காலம்வரை வாரச் சம்பளம் உண்டு, அது நல்ல சம்பளமாகவும் இருக்கலாம். அது முடிந்ததும் அடுத்த வேலையைத் தேடிக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் நிரந்தரமாக இருப்பவர்கள் கணக்கு, ஒப்பந்தம், விற்பனை, புதிய கதைகளைத் தேர்ந்தெடுக்கும் பிரிவு ஆகியவற்றில் உள்ள சிலர்தான். உள்ளூர் மாணவர் ஒருவருக்கு இந்த இடைவெளிகள் சங்கடம். வெளிநாட்டு மாணவருக்கு அவை சட்டச் சிக்கலாகவே ஆகிவிடும். படிப்பு முடித்தபின் ஓ.பி.டி. என்ற பயிற்சிக்கால அனுமதி 12 மாதங்களுக்குக் கிடைக்கும்; அதற்குள் மொத்தமாக 90 நாட்களுக்கு மேல் வேலையின்றி இருக்க அனுமதியில்லை. மேலும் 24 மாத நீட்டிப்பு அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டுமே உரியது. திரைப்படத் தயாரிப்புப் பட்டங்கள் பொதுவாக அதில் அடங்குவதில்லை. தம்பியின் படிப்பு அந்தப் பட்டியலில் வருமா என்று தெரிந்துகொள்ள, அதற்கு எந்தக் குறியீட்டு எண் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் மின்னஞ்சல் வழியாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். ஏஜென்ட் சொல்வதை இதற்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

அவருடைய ஆசையைத் தடுக்கும்படி நான் சொல்லவில்லை. அவர் செய்துகாட்டிய பதினைந்து நிமிடப் படத்தின் எடிட்டிங் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் 12 மாத அனுமதியை நம்பி, அமெரிக்கச் சம்பளத்தில் கடனை அடைத்துவிடலாம் என்ற கணக்கில் வீட்டை ஈடுவைக்க என்னால் ஆமோதிக்க இயலவில்லை. சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்றும், உதவித்தொகையோ வளாகத்துக்குள் உதவியாளர் பணியோ கிடைக்குமா என்றும் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். கிடைக்கும் ஓராண்டில் அவர் இங்கே ஓர் எடிட்டரிடம் முழுநேர உதவியாளராக இருக்கட்டும்; மாதம் என்ன வருகிறது, எத்தனை மாதம் வரவில்லை என்று ஒரு நோட்டில் தன் கையால் எழுதிவைக்கட்டும். இந்தியாவுக்குத் திரும்பி வந்தால் கிடைக்கக்கூடிய சம்பளத்தில் மாதத் தவணையைக் கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். கட்ட முடிகிற அளவுதான் நீங்கள் வாங்கத்தக்க கடன்.

வங்கிக்குப் பதில் சொல்ல இம்மாதக் கடைசி வரை அவகாசம் இருப்பதாகச் சொன்னீர்கள். பல்கலைக்கழகத்தின் பதில் வந்ததும் கட்டண விவரம், பாடப்பட்டியல், வட்டிக் கணக்கு மூன்றையும் எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே வாருங்கள். தம்பியின் அம்மாவையும் அழைத்துவாருங்கள். வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயரும் இருக்கிறதல்லவா?