பொங்கலில் முந்திரியை ஒதுக்கிய பிள்ளை

கேள்வி: கணவரின் வேலைக்காகத் தேவகோட்டையிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. கடையில் எதை எடுத்தாலும் ஜெர்மன் எழுத்து. மாதக்கணக்கில் கெடாத பால், ‘இ’ எண் போட்ட பொருள்கள் எல்லாமே பயமாக இருக்கிறது. போன வாரம் பெஸ்டோ என்ற பச்சை சாஸ் ஒரு பாட்டில் வாங்கி, பாஸ்தாவில் கலந்து ஆறு வயது மகனுக்குக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, இரண்டு முறை வாந்தி எடுத்தான். குரலும் கம்மிவிட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த அலர்ஜி சிரப்பைக் கொடுத்ததும் தூங்கிவிட்டான். காலையில் சரியாகிவிட்டது. நூறு உணவுகளுக்கான ஒவ்வாமைச் சோதனைப் பெட்டி இணையத்தில் விற்கிறார்கள், வாங்கலாமா? ஊரில் எல்லாம் சாப்பிட்டவன்தான். பொங்கலில் முந்திரியை மட்டும் நாக்கு அரிக்கிறது என்று ஒதுக்கிவைப்பான். இந்த ஊர் உணவே அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். அதையே இங்கும் எழுதுகிறேன். காரைக்குடிப் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு கிடையாது. பல வீடுகளுக்கு இது தேவைப்படும்.

அம்மா, உங்கள் பிள்ளைக்கு அந்த நாட்டு உணவு பகை இல்லை. ‘நாக்கு அரிக்கிறது’ என்று தேவகோட்டையிலேயே அவன் சொல்லிவிட்டான். அதைப் பிடிவாதம் என்று வீட்டில் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். பாட்டிலில் விற்கும் பெஸ்டோ பலவற்றில் பைன் கொட்டைக்குப் பதிலாகவோ, அதோடு சேர்த்தோ முந்திரியை அரைத்துச் சேர்க்கிறார்கள். பாட்டிலை எறிந்துவிடாதீர்கள்; மருத்துவரிடம் லேபிளைக் காட்ட வேண்டும். சோதனை செய்து உறுதியாகும்வரை முந்திரிதான் காரணம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உதடு வீங்கியதோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு பதறமாட்டேன். தோலில் தடிப்பு, அதோடு வாந்தி, அதோடு குரல் கம்மல், எல்லாம் பத்து நிமிடத்துக்குள். இதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர். உடல் முழுவதையும் தாக்கும் ஒவ்வாமை. குரல் மாறுகிறது என்றால் தொண்டைக்குள் வீக்கம் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இரவு அவன் பிழைத்தது சிரப்பினால் அல்ல. சிரப் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். மூச்சுக்குழாய் அடைவதையும் இரத்த அழுத்தம் விழுவதையும் தடுக்காது. தூங்கிவிட்டான் என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. மருந்தின் மயக்கமா, இரத்த அழுத்தம் விழுந்த மயக்கமா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்து மறுபடி கிளம்புவதும் உண்டு. மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஒன்றுதான். இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பார்த்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். ஒவ்வாமை நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். தானாக மருந்தைச் செலுத்தும் அட்ரினலின் ஊசிப் பேனா அங்கே மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கும். எடைக்கு ஏற்ற அளவை அவர் முடிவுசெய்வார். இரண்டு பேனா வேண்டும், இரண்டும் பிள்ளை போகும் இடமெல்லாம் போக வேண்டும். அடுத்த முறை குரல் மாறினாலோ, இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ, தடிப்போடு வாந்தி வந்தாலோ யோசிக்க வேண்டாம். தொடையின் வெளிப்பக்கம் நடுவில், கால்சட்டைக்கு மேலேயே குத்தலாம். பிறகு 112-ஐ அழையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அந்த எண்தான். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது பேனா.

சோதனைப் பெட்டியை வாங்காதீர்கள். அப்படி விற்பவை பெரும்பாலும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளை அளக்கின்றன. நாம் வழக்கமாகச் சாப்பிடும் எதற்கும் அது உடம்பில் இருக்கும். அதை நம்பி அரிசி, பால், முட்டை என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, எலும்பும் தோலுமான பிள்ளையை என்னிடம் தூக்கிவந்தவர்கள் உண்டு. எனக்கு இதில் பொறுமை கிடையாது.

பால் அதிக வெப்பத்தில் சில விநாடி காய்ச்சி அடைத்தது, தாராளமாகக் கொடுங்கள். ‘இ’ எண் என்பது உணவில் சேர்க்கும் பொருளுக்கு இட்ட குறியீடு, அவ்வளவுதான். ‘இ 330’ என்பது எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம், ‘இ 300’ வைட்டமின் சி. இவற்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் படிக்க வேண்டியது வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைச் சேர்மானப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். கொட்டை வகைகள் அதில் ஒன்று, முந்திரியும் அதில் அடங்கும். ஜெர்மனில் முந்திரிக்குக் ‘கஷ்யூகெர்ன’, பிஸ்தாவுக்குப் ‘பிஸ்டாட்சியன்’, பொதுவாகக் கொட்டை வகைகளுக்கு ‘ஷாலன்ஃப்ருஷ்ட’. இந்த மூன்றையும் ஜெர்மன் எழுத்தில் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பிஸ்தாவையும் சேர்த்ததற்குக் காரணம் உண்டு: இரண்டும் ஒரே குடும்பம், முந்திரி சேராதவர்களில் பெரும்பாலோருக்குப் பிஸ்தாவும் சேராது. பக்லாவா, பிஸ்தா ஐஸ்கிரீம் இரண்டையும் இப்போதைக்கு விலக்குங்கள். நிலக்கடலை பயறு இனம். இதுவரை தொந்தரவில்லாமல் சாப்பிட்டிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். வழக்கமாக வாங்கும் பொருள்தானே என்று விடாமல் ஒவ்வொரு முறையும் பட்டியலைப் பாருங்கள், சேர்மானத்தை மாற்றிவிடுவார்கள். ‘சிறிதளவு கலந்திருக்கலாம்’ என்ற எச்சரிக்கை கட்டாயம் அல்ல. அது இல்லாததாலேயே பத்திரம் என்று நம்பிவிடாதீர்கள். பேக்கரியில் உதிரியாக வாங்கும்போதும் கேளுங்கள், சொல்வது அவர்கள் கடமை.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். அங்கே கடைப் பொருளுக்கு லேபிளாவது இருக்கிறது. அப்பத்தா டின்னில் அடைத்து அனுப்பும் ரவை லட்டுக்கு லேபிள் ஏது? இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மேலே இருக்கும் முந்திரியைப் பொறுக்கிவிட்டுக் கொடுத்தால் போதும் என்பார்கள், போதாது. முந்திரி வறுத்த நெய்யும், அரைத்த மிக்ஸி ஜாரும் கூடக் கணக்கில் சேரும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இரண்டு பேனாவையும் மருத்துவரின் கடிதத்தோடு கைப்பையில் கொண்டுவாருங்கள். நம் ஊரில் அவை எளிதில் கிடைப்பதில்லை. நம் வெயிலில் காருக்குள் விட்டுவிடாதீர்கள், குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்காதீர்கள். இங்கே அழைக்க வேண்டிய எண் 108. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருவதற்கு முன் சமையற்கட்டுக்கே போய்க் குருமாவில் என்ன அரைத்துவிட்டார்கள் என்று சமையல்காரரிடம் நேரில் கேளுங்கள்.