ஆய்வேட்டை முடிக்க மூன்று மாதம் லீவு போடலாமா?

கேள்வி: வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படிக்கிறேன். பாடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன, ஆய்வேடு மட்டும் பாக்கி. தரவு சேகரித்தாயிற்று, எழுதத்தான் நேரமில்லை. வாரக் கடைசியில் எட்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. ஐந்து மாதச் செலவுக்கான சேமிப்பு கையில் இருக்கிறது. அதை வைத்து மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து ஒரே மூச்சில் முடித்துவிடலாமா? வாரம் மூன்று நாள் மட்டும் வேலைக்கு வரவும் அலுவலகத்தில் அனுமதிப்பார்கள். எது லாபம்?

(வாசகி அனுப்பிய தொகைகளை, வட்டி உட்பட அவருடைய மாதச் செலவு 100 என்று வைத்துச் சுருக்கியிருக்கிறேன். சம்பளம் 130, பட்டம் வந்தால் 170. சேமிப்பு 500. கல்விக் கடன் பாக்கி 1,200, வட்டி ஆண்டுக்கு 10%. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிவு நீட்டிப்புக் கட்டணம் 60.)

பதில்: சேமிப்பில் தாராளமாகக் கை வையுங்கள். ஆனால் முழு விடுப்பு வேண்டாம். மூன்று நாள் வேலை என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், இப்போது இருக்கிறபடியே போனால் என்ன ஆகும் என்று பார்த்துவிடுவோம். ஆய்வேடு ஒரு மாதம் தள்ளிப்போனால் உங்களுக்கு வட்டியில் 10, நீட்டிப்புக் கட்டணத்தில் 10, வரவேண்டிய கூடுதல் சம்பளத்தில் 40, ஆக 60 போகிறது. கடைசி 40 கையை விட்டுப் போவதில்லை, வராமலே போகிறது. அதனால்தான் பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தே ஆகவேண்டும்.

மீதி வேலை எவ்வளவு? படிப்புக்கு ஆகும் உழைப்பைக் கிரெடிட்டில் அளக்க ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் ஈசிடிஎஸ் முறையில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 30 கிரெடிட் ஆய்வேட்டுக்கு 750 முதல் 900 மணி நேரம் ஆகும். உங்களிடம் தரவு இருப்பதால் பாதி முடிந்தது என்று வைத்தாலும் 400 மணி நேரம் பாக்கி. வாரம் எட்டு மணி நேரம் என்றால் 50 வாரம், கிட்டத்தட்ட ஒரு வருடம். தாமதத்தின் விலை மட்டும் 720.

மூன்று மாத விடுப்பில் தாமதம் 180, இழக்கும் சம்பளம் 390, மொத்தம் 570. மூன்று நாள் வேலைக்குப் போனால் வாரம் 20 மணி நேரம் கிடைக்கும், ஐந்து மாதத்தில் முடியும். தாமதம் 300, குறையும் சம்பளம் 260, மொத்தம் 560. பார்த்தீர்களா, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு ஏன் விடுப்பு வேண்டாம் என்கிறேன்?

ஏனென்றால் ஆய்வேடு சொன்ன தேதியில் முடிவதில்லை. ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள். எல்லாமே சொதப்பினால்கூட 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். சொன்னதைப் போல 1.6 மடங்கு.

அந்த 1.6-ஐ உங்கள் கணக்கில் போடுங்கள். மூன்று மாத விடுப்பு ஐந்து மாதமாகும், மாதம் 100 வீதம் சேமிப்பு 500-ம் துடைத்துப் போகும். மூன்று நாள் வேலையில் சம்பளம் 78, மாதப் பற்றாக்குறை 22. ஐந்து மாதம் எட்டு மாதமானாலும் 176-தான் போகும். மூன்று மாதச் செலவுக்கான பணம் அப்படியே இருக்கும். அவசரத் தேவைக்கென்று நீங்கள் சேர்த்த பணம் அது. அதைக் கடைசிக் காசு வரை ஆய்வேட்டில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆய்வேட்டு வேலையில் காத்திருப்பு அதிகம். ஓர் அத்தியாயத்தை வழிகாட்டிக்கு அனுப்புகிறீர்கள், திருத்தம் வர இரண்டு மூன்று வாரம் ஆகிறது. விடுப்பில் இருந்தால் அந்தக் காத்திருப்புக்கும் சேமிப்பிலிருந்துதான் செலவு. வேலையில் இருந்தால் அந்த வாரங்களிலும் சம்பளம் வருகிறது.

வீட்டுக் கடனை வங்கி எப்படித் தருகிறது? அஸ்திவாரம், சுவர், கூரை என்று கட்டடம் எழும்ப எழும்பத் தவணையாக விடுவிக்கும். உங்கள் சேமிப்பையும் அப்படியே விடுங்கள். அத்தியாய வரைவை வழிகாட்டி ஒப்புக்கொண்ட பிறகே வேலை நாளைக் குறையுங்கள். அதற்கு இப்போதைய வாரக் கடைசிகளே போதும். முதலில் ஆய்வு முறை அத்தியாயத்தை எழுதுங்கள். தரவு சேகரித்த விவரம் இன்னும் நினைவில் இருக்கும், வேகமாக நகரும். ஒதுக்கிய இரண்டு நாளும் மாறாத நாள்களாக இருக்கட்டும், 'இந்த வாரம் மட்டும்' என்று அலுவலகத்துக்கு விட்டுக்கொடுத்தால் சம்பளமும் போய் நாளும் போகும். உழைத்த மணி நேரத்தைச் செலவுக் கணக்கு போலவே எழுதி வாருங்கள்.

எட்டு வாரம் கழித்து நோட்டைப் பாருங்கள். 160 மணி நேரம் இருக்கவேண்டும். 100-க்குக் கீழே என்றால் முழு நேர வேலைக்குத் திரும்பிவிட்டு, ஆய்வின் எல்லையைக் குறைக்க முடியுமா என்று வழிகாட்டியிடம் பேசுங்கள். மணி நேரம் சரியாக இருந்தும் அத்தியாயம் நகரவில்லை என்றாலும் அதே பேச்சுதான்.

அப்புறம், நாள் குறைக்கும் முன் இரண்டு விஷயம். முழு நேரப் பணி திரும்பக் கிடைக்கும் என்று அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். நீட்டிப்புக் கட்டணம் ஆய்வேடு சமர்ப்பிக்கும் நாளோடு நிற்கிறதா, வாய்மொழித் தேர்வு வரை ஓடுமா என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் கேளுங்கள். அரையாண்டுக்கு மொத்தமாக வாங்குவதால், கெடுவை ஒரு வாரம் தாண்டினாலும் இன்னொரு 60 கட்டவேண்டி வரலாம். அந்தத் தேதிக்கு மூன்று வாரம் முன்னால் உங்கள் கடைசி வரைவு வழிகாட்டியின் கையில் இருக்கவேண்டும்.