பிடரியில் அடிபட்டவருக்கு இடப்பக்கம் தெரியவில்லை: ஆபரேஷன் தேவையா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். என் கணவருக்கு 52 வயது; ஆட்டோ ஓட்டுகிறார்; சர்க்கரை நோய் உண்டு. ஐந்து வாரங்களுக்கு முன் பழைய மதராஸ் சாலையில் பைக்கில் போனபோது, இடப்பக்கச் சந்திலிருந்து வந்த கார் இடித்துப் பிடரி அடிபட விழுந்தார். கார் வந்ததே தெரியவில்லை என்கிறார். சி.டி. ஸ்கேனில் ‘வலப்பக்க ஆக்சிபிட்டல் கன்டியூஷன்’ என்று எழுதி, இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது இடப்பக்கம் நிற்பவர்கள்மேல் மோதுகிறார். கண்ணாடியை மாற்றியும் பயனில்லை. ஒரு கண் கிளினிக்கில் இடது கண்ணில் புரை என்கிறார்கள். மருத்துவமனை வாசலில் பழக்கமான ஒருவர், மூளை ஆபரேஷன் செய்தால் பார்வையும் திரும்பும், விபத்து இழப்பீடும் கூடும், முன்பணம் 40,000 ரூபாய் கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி. ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

ஆக்சிபிட்டல் என்பது மூளையின் பிடரிப் பகுதி. கண் பார்த்ததைப் புரிந்துகொள்ளும் இடம் அதுதான். வலப்பக்கப் பிடரி மூளை, இரண்டு கண்களும் பார்க்கும் காட்சியின் இடப்பாதியைக் கவனிக்கிறது. அங்கே காயம் என்றால் இரண்டு கண்களிலும் இடப்பாதி மறையும். நோயாளியோ ‘இடது கண் தெரியவில்லை’ என்றுதான் சொல்வார். அதைக் கேட்டதும் கண்ணாடிக் கடைக்காரர் பவரை மாற்றுகிறார், கிளினிக்காரர் புரை என்கிறார்.

வீட்டிலேயே பாருங்கள். அவருக்கு எதிரே ஒரு கை தூரத்தில் உட்காருங்கள். அவருடைய வலது கண்ணை மூடி, உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லி, அவருடைய இடப்பக்கத்திலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இடது கண்ணை மூடி அதையே செய்யுங்கள். இரண்டு முறையும் நடுக்கோட்டுக்கு வரும்வரை விரல் தெரியவில்லை என்றால் கோளாறு மூளையில். புரை இருக்கலாம், ஆனால் அது பார்வையை இப்படி நேர்ப்பாதியாக அறுக்காது. ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டடிபட்ட வீரர்களைச் சோதித்து, பிடரி மூளையின் எந்த இடம் காட்சியின் எந்தப் பகுதியைப் பார்க்கிறது என்று தாத்சுஜி இனோயே என்ற கண் மருத்துவர் 1909-லேயே எழுதிவிட்டார். இன்றும் தலைக்காய நோயாளியின் டிஸ்சார்ஜ் அட்டையில் பார்வைப் பரப்பு பற்றி ஒரு வரி இருப்பதில்லை. ஸ்கேனைப் பார்க்கிறார்கள், ஆளைப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் பொறுமை போய்விட்டது.

ஆபரேஷன் விஷயம். கன்டியூஷன் என்றால் மூளை கன்றி ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். அந்த ரத்தத்தை உடம்பே சில வாரங்களில் கரைத்துவிடும். மண்டையோடு உடைந்து உள்ளே அழுந்தினாலோ, பெரிய ரத்தக்கட்டு மூளையை நெரித்தாலோ திறப்போம். அது உயிரைக் காக்க, பெரும்பாலும் முதல் சில நாட்களில். ஐந்து வாரம் கழித்து, நடந்து பேசிக்கொண்டிருப்பவரின் மூளையைத் திறந்து போன பார்வையைத் திருப்ப முடியாது. மிச்சமுள்ள பார்வையும் போகலாம். தானாகத் திரும்புவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான். ‘நரம்பு ஊசி’, ‘ஸ்டெம் செல்’ என்று வருபவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு: இடப்பக்கத்திலிருந்து வந்த கார் தெரியவே இல்லை என்கிறார். விழுந்ததால் பார்வை போனதா, பார்வை போனதால் விழுந்தாரா? பிடரி அடிபட விழுபவருக்கு மூளை கன்றுவது பெரும்பாலும் எதிர்முனையில், நெற்றிப் பக்கமும் பொட்டுப் பக்கமும்தான். பிடரி மூளை மட்டும் கன்றுவது அவ்வளவு வழக்கமில்லை. 52 வயது, சர்க்கரை வேறு. பிடரி மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் விபத்துக்கு முன்பே அடைத்து, கை கால் விழாமல் பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அந்தப் பக்கவாதம் வலிக்காது. பலருக்குத் தெரியவும் தெரியாது. அரிதாக ஒரு கட்டியும் அங்கே இருக்கலாம். அப்படியானால் ஆபரேஷன் பேச்சுக்கே வேறு அர்த்தம். சி.டி.யில் இவை ஒன்றுக்கொன்று மயங்கும். ஆகவே ஒரு முறை எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும். முதல் சி.டி.யின் படங்களையும் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. ஓசூர் சாலையில் உள்ள மூளை-நரம்பு மருத்துவமனையான நிம்ஹான்ஸில் காட்டுங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வைப்பார்கள், இருந்தாலும் போங்கள். அடைப்பு என்று தெரிந்தால் அடுத்த அடைப்பைத் தடுக்க மாத்திரை உண்டு. வழக்குக்கு இடைஞ்சலாகுமோ என்று பயந்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாசலில் நிற்கும் தரகருக்கு வருகிறேன். ஆபரேஷன் தழும்பைப் பார்த்து இழப்பீடு தருவதில்லை. வாகன விபத்து வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் பார்ப்பது நிரந்தர ஊனத்தையும் வருமான இழப்பையும். ஆட்டோ ஓட்டுபவருக்குப் பாதிக் காட்சி போனால் அதைவிடப் பெரிய இழப்பு எது? அதற்குச் சான்று ‘ஃபீல்ட் டெஸ்ட்’ என்னும் பார்வைப் பரப்புச் சோதனையின் அச்சுத்தாள். மின்டோ போன்ற பெரிய கண் மருத்துவமனையில் எடுத்து, தேதியோடு பத்திரப்படுத்துங்கள். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பி.பி.எல். அட்டை இருந்தால் ஆயுஷ்மான் பாரத்–ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அந்தத் திட்டத்தில் முன்பணம் என்று ஒன்று கிடையாது. மருத்துவமனைக்குள் இருக்கும் ஆரோக்கிய மித்ரா என்ற திட்ட உதவியாளரிடம் கேளுங்கள், வாசலில் நிற்பவரிடம் அல்ல. இந்த ஆட்களை வாசலில் நிற்க விடுவதே மருத்துவமனைகளின் வெட்கக்கேடு.

அவர் இப்போது ஆட்டோவையும் பைக்கையும் தொடக் கூடாது. ‘நன்றாகத்தான் தெரிகிறது’ என்பார், நம்பாதீர்கள். நடக்கும்போது தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்த்துப் பழகட்டும். நீங்கள் அவருக்கு இடப்பக்கமாக நடந்து செல்லுங்கள். செய்தித்தாள் படிக்க, பத்தியின் இட ஓரத்தில் சிவப்புக் காகிதத் துண்டு ஒன்றை வைத்தால் அடுத்த வரியின் தொடக்கம் கிடைக்கும். தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, வாந்தி, அரைமயக்கம், வலிப்பு வந்தாலோ, புறநோயாளர் சீட்டுக்குக் காத்திருக்காமல் நள்ளிரவானாலும் நேராக அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.