நட்சத்திரம் பார்க்க 20×50 பைனாகுலர் வாங்கலாமா?

கேட்டவர் தென்காசி மாவட்டத்துப் புளியரைக்காரர், கண்ணாடி போடுபவர். மொட்டை மாடியிலிருந்து பார்க்க 20×50 போதுமா என்பது கேள்வி.

20×50 வேண்டாங்க. 10×50 வாங்குங்கள்.

முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளியின் அகலம் கிடைக்கும். 20×50-ல் அது 2.5 மி.மீ. நல்ல இருட்டில் கண் பாப்பா 5 முதல் 7 மி.மீ. வரை விரியும். ஆகவே, மங்கலான நெபுலாவை (விண்வெளியில் உள்ள வாயு, தூசி மேகம்) பார்க்க வேண்டிய இடத்தில் இருட்டுதான் மிஞ்சும். கை நடுக்கமும் 20 மடங்காகும். நட்சத்திரம் புள்ளியாக நிற்காமல் கோடு கோடாக ஓடும். முக்காலி இல்லாமல் பிடிக்க 10 மடங்குதான் எல்லை. 10×50-ல் 5 மி.மீ. ஒளி வரும், வானத்தில் ஏறக்குறைய ஆறரை டிகிரி தெரியும். 13 முழு நிலாக்களை வரிசையாக அடுக்கிய அகலம் அது. வீட்டில் பெரியவர்களும் பார்ப்பார்கள் என்றால் எடை குறைந்த 8×42 நல்லது.

கண்ணாடி போடுவதால் ‘ஐ ரிலீஃப்’ அளவை, அதாவது காட்சி முழுதும் தெரியும்படி கண்ணை லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்பதைப் பாருங்கள், 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நிகான் அகுலான் 10×50-ல் சுமார் 12தான், கண்ணாடியோடு பார்த்தால் ஓரம் வெட்டுப்படும். அதே நிறுவனத்தின் ஆக்‌ஷன் இஎக்ஸ் 10×50-ல் 17. ஆனால் எடை ஒரு கிலோ. கிட்டப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பிக்கொள்ளலாம். சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசத்துக்குக் கொடுப்பது) கூடுதலாக இருந்தால் அது உதவாது.

ஆன்லைனில் வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இவற்றைச் சோதித்துவிடுங்கள். பைனாகுலரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, பகல் வானத்துக்கு எதிரே கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். வெளிச்ச வட்டம் முழு வட்டமாக இருந்தால் உள்ளே இருப்பது பேக்-4 என்ற நல்ல கண்ணாடியில் செய்த பிரிசம். ஓரங்கள் சாம்பல் நிறமாக வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் மலிவான பிகே-7. அடுத்து, முன்லென்ஸில் டியூப் லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள்; மங்கிய பச்சையோ ஊதாவோ என்றால் கோட்டிங் (ஒளி எதிரொளித்து வீணாகாமல் தடுக்கும் மெல்லிய பூச்சு) நல்லது, பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் கோட்டிங் இல்லை. கடைசியாக, தூரத்து செல்போன் டவரின் உச்சியைப் பார்த்தபடி பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெதுவாக விலக்குங்கள். உச்சி இரண்டாகப் பிரிந்தால் இரு குழல்களும் நேராக இல்லை. அதில் பத்து நிமிடம் பார்த்தால் தலைவலிதான். யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

ஜூம் வைத்தது, லென்ஸ் சிவப்பாக மின்னுவது, ‘ஃபோகஸ் செய்யவே தேவையில்லை’ என்று விற்பது, மூன்றுமே வேண்டாம்.

நம்ம பக்கத்துக்கு இன்னொன்று மிக முக்கியம். ஆனி, ஆடிச் சாரலில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலை போலப் படர்ந்து கோட்டிங்கையே அரித்துவிடும். பிரித்துச் சுத்தம் செய்தால் குழல்களின் நேர்ப்பாடு கெடும். அதனால் காசு கொஞ்சம் கூடினாலும் நைட்ரஜன் அடைத்த வாட்டர்ப்ரூஃப் மாடலே வாங்குங்கள். கூடவே வரும் உறையில் வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறு தீயில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். இரவில் பனி பட்டிருந்தால் மூடி போடாமல் உலரவிட்டு, பிறகு வையுங்கள். தூசியை முதலில் ஊதிவிட்டுத்தான் மைக்ரோஃபைபர் துணி. வேட்டி நுனி கூடவே கூடாது, கீறிவிடும்.

என்ன தெரியும்? வியாழனின் நான்கு நிலாக்கள், நிலவின் பள்ளங்கள், கார்த்திகைக் கூட்டம், மிருகசீரிடப் பக்கத்து ஓரியன் நெபுலா எல்லாம் தெரியும். சனியின் வளையம் தனியாகத் தெரியாது, அதற்குத் தொலைநோக்கி வேண்டும். மேற்கே மலை மறைப்பதால் அந்தப் பக்கம் சாயும் பொருட்களைச் சீக்கிரமே பார்த்துவிடுங்கள். ஒமேகா சென்டாரி என்ற கோளக்கொத்து (பந்து போல நெருங்கிய நட்சத்திரக் கூட்டம்) நமக்கு 33 டிகிரி உயரம் வரை ஏறும். சித்திரையில் நள்ளிரவை ஒட்டித் தெற்கே தேடுங்கள். பஞ்சுப் பொட்டாகத் தெரிவது அதுதான். வட இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்த உயரம் கிடைக்காது. சூரியன் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பாதீர்கள்.

முக்காலி பிறகு வாங்கிக்கொள்ளலாம். அதுவரை ஈஸி சேரில் சாய்ந்து முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றினாலே நடுக்கம் நன்றாகக் குறையும். ஆனால் வாங்கும்போதே, இரு குழல்களையும் இணைக்கும் கீலின் முன்பக்கம் கழற்றக்கூடிய சிறு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் இருக்கும் கால் இஞ்ச் திருகுத்துளையில்தான் முக்காலி அடாப்டர் மாட்டும்.