மெட்டுக்குள் ஒளிந்த மந்திரி

கேள்வி: பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மன்னரையும் பிரதம மந்திரியையும் கேலி செய்யும் கவிதைகளும் தெருப்பாட்டுகளும் ஏராளமாக வெளிவந்தன என்று படித்தேன். அவற்றை எழுதியவர்கள் தண்டனையிலிருந்து தப்பியது எப்படி?

பதில்: எல்லோரும் தப்பிவிடவில்லை. 1703ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் எழுத்தாளர் டேனியல் டீஃபோ, கழுத்தும் கைகளும் பலகைத் துளைகளில் மாட்டப்பட்ட நிலையில், லண்டன் வீதிகளில் மூன்று நாள் நிறுத்தப்பட்டார். அரசாங்கத் திருச்சபையில் சேராதவர்களை ஒடுக்க வேண்டும் என்று கூச்சலிட்டவர்களின் குரலிலேயே ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி, அவர்களை முட்டாளாக்கியதுதான் அவர் செய்த குற்றம். அந்தத் தண்டனை மேடையையே விளித்து அவர் ஒரு பாட்டு எழுதி வெளியிட்டார். கூட்டம் அவர்மீது அழுகிய முட்டைகளுக்குப் பதிலாக மலர்களை வீசியது என்று சொல்வது வழக்கம்.

அச்சிடுவதற்கு முன்பே அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் 1695இல் காலாவதியானது. நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை. அதன்பின் ஆபத்து, அச்சான பிறகு தொடரப்படும் அரச அவதூறு வழக்கில்தான் இருந்தது. எழுதியது உண்மை என்பது அந்த வழக்கில் எதிர்வாதமாகாது. வெளியிட்டவர் இவர்தானா, அரசுத் தரப்பு சொல்லும் பொருள்தான் அந்த வரிகளுக்கு உண்டா என்ற இரண்டை மட்டுமே ஜூரிகள் தீர்மானிக்கலாம். அது அவதூறா இல்லையா என்பதை நீதிபதியே முடிவு செய்தார். இந்த நிலை 1792இல்தான் சட்டத்தின் மூலம் மாறியது.

அங்கதக் கவிகள் குடியிருந்தது அந்த இரண்டாவது கேள்வியில்தான். பெயரின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் அச்சிட்டு நடுவில் கோடு இழுத்துவிடுவார்கள். பாட்டில் வரும் திருடன் இன்ன மந்திரிதான் என்று மெய்ப்பிக்க வேண்டிய சங்கடம் அரசு வழக்கறிஞருக்கு வந்து சேரும். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நீதிமன்றமே சிரித்துவிடக்கூடும். நம் இலக்கணம் வசையை, வெளிப்படையாகப் பழிக்கும் செம்பொருள் அங்கதம், பழியை மறைத்துச் சொல்லும் பழிகரப்பு அங்கதம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. இங்கிலாந்தின் சட்டம் அந்த நாட்டுக் கவிகளைப் பழிகரப்பில் வல்லவர்களாக்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1737இல் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப், ரோமானியக் கவி ஹோரஸ் அகஸ்டஸ் பேரரசருக்கு எழுதிய மடலைத் தழுவி இரண்டாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு மடல் எழுதினார். மன்னரின் முழுப் பெயரில் அகஸ்டஸ் என்பதும் உண்டு. கவிதையில் சிறிதும் நாட்டமில்லாத அந்த மன்னரைக் கலைகளைப் புரந்த பேரரசரின் இடத்தில் வைத்துப் புகழ்ந்த அந்த மடலில், வழக்குத் தொடர்வதற்கு எந்த வரியைச் சுட்டிக்காட்ட முடியும்? வஞ்சப் புகழ்ச்சிக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஒரு சிறு திருத்தம். 'பிரதம மந்திரி' என்பது அக்காலத்தில் பதவியின் பெயர் அன்று. 1721 முதல் 1742 வரை அதிகாரத்தில் இருந்த ராபர்ட் வால்போலை அவருடைய எதிரிகள் அப்படி அழைத்ததே ஒரு வசைதான்.

கேள்வி: போப் போன்றவர்களின் கவிதை படித்தவர்களுக்கானது. தெருவில் விற்ற பேலட் பாட்டுகளுக்கு இலக்கிய மதிப்பு உண்டா?

பதில்: தாளில் மட்டும் படித்தால் பெரும்பாலானவற்றுக்கு இல்லை, ஆனால் அவை தாளில் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஒற்றைத் தாளின் ஒரு பக்கத்தில் பாட்டை அச்சிட்டு, தலைப்புக்குக் கீழே 'இன்ன மெட்டில் பாடுக' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். இசைக்குறிப்பு பெரும்பாலும் இராது, ஏனெனில் மெட்டு ஊருக்கே தெரியும். பாட்டின் பாதிப் பொருள் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பேன்.

'லில்லிபுலேரோ' என்ற மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் நாட்டை விட்டு ஓடிய காலத்தில் அவரை எதிர்த்தவர்கள் பாடிய மெட்டு அது. அதன் சொற்களை எழுதியவராகக் கருதப்படும் தாமஸ் வார்ட்டன், ஓர் அரசரைப் பாடியே துரத்திவிட்டதாகப் பெருமையடித்துக்கொண்டாராம். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1728 ஜனவரி 29 அன்று லண்டனின் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கில் மேடையேறிய ஜான் கேயின் 'பிச்சைக்காரரின் ஆப்பெரா'வில், அதே மெட்டில் ஒரு கொள்ளைக்காரன் அரசவையின் நடைமுறைகளைப் பாடுகிறான். அவன் வாய் திறப்பதற்கு முன்பே அந்த மெட்டு ஓர் அரசன் வீழ்ந்த கதையை அரங்கிலிருந்தோருக்கு நினைவூட்டியிருக்கும். மெட்டின்மீது வழக்குத் தொடர எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

அந்த நாடகத்தில் 69 பாட்டுகள். பெரும்பாலானவை தெருவில் புழங்கிய மெட்டுகளில் அமைந்தவை. திருட்டுப் பொருளை வாங்கிக்கொண்டு, திருடனையும் 40 பவுன் பரிசுக்குக் காட்டிக்கொடுக்கும் பீச்சம் என்பவன், 'மந்திரியும் தம் தொழில் என் தொழிலைப் போலவே நேர்மையானது என்று நினைக்கிறார்' எனத் தொடக்கத்திலேயே பாடிவிடுகிறான். அவனுடைய கணக்கேட்டில் உள்ள திருடர்களில் ஒருவனுக்கு 'பாப் பூட்டி', அதாவது கொள்ளைப் பொருள் பாப், என்று ஒரு பட்டப்பெயர். ராபர்ட் என்ற பெயரின் செல்லச் சுருக்கம் பாப் என்பதை விளக்க வேண்டியதில்லை. நாடகம் முதல் பருவத்திலேயே 62 முறை நடந்தது. பார்க்க வந்த வால்போல், ஒரு பாட்டின்போது எல்லோருடைய கண்களும் தம்மீது திரும்பவே, அந்தப் பாட்டையே மறுமுறை பாடச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதை உண்மையா என்பது உறுதியில்லை. இதன் தொடர்ச்சியாகக் கேய் எழுதிய 'பாலி' மேடையேறாமல் அந்த ஆண்டின் இறுதியிலேயே தடுக்கப்பட்டது. மறு ஆண்டு அது முன்பதிவுச் சந்தாவில் நூலாக வெளிவந்து நன்றாக விற்றது. தடை செய்த கைகளே விளம்பரத்தையும் செய்துகொடுத்தன.

கேள்வி: இத்தனை கேலியும் வால்போலை வீழ்த்தியதா?

பதில்: தனியாக வீழ்த்தவில்லை. 1733இல் ஒயினுக்கும் புகையிலைக்கும் அவர் கொண்டுவந்த கலால் வரித் திட்டத்தை எதிர்த்து வந்த ஒரு தாளில், வரி என்னும் பறக்கும் நாகம் மக்களின் உணவையெல்லாம் தின்று மந்திரியின் மடியில் பொற்காசாகக் கழிக்கிறது. அது மிகைதான், நேர்மையான வாதமும் அன்று. ஆனால் பாட்டாகிவிட்ட பொய்க்கு மறுப்பு எழுதுவது கடினம். வணிகர்களின் எதிர்ப்பும் நாடாளுமன்றத்தில் சரிந்துகொண்டே வந்த ஆதரவும் சேர்ந்து திட்டத்தைக் கைவிட வைத்தன. ஆயினும் அடுத்த ஆண்டுத் தேர்தலில் வால்போலே வென்றார்.

1740இல் வந்த 'அட்மிரல் ஹோசியரின் ஆவி' என்ற பேலட் இன்னும் ஆழமாகக் குத்தியது. அட்மிரல் வெர்னன் ஆறே கப்பல்களுடன் இன்றைய பனாமாவில் ஸ்பெயினின் வசம் இருந்த போர்ட்டோ பெல்லோ துறைமுகத்தைப் பிடித்திருந்த நேரம் அது. பல ஆண்டுகளுக்கு முன், தாக்கக் கூடாது என்ற ஆணையால் அதே கடலில் முடங்கி, ஆயிரக்கணக்கான மாலுமிகளைக் காய்ச்சலுக்குப் பலிகொடுத்துத் தானும் மாண்ட ஹோசியர், இரவில் தம் மாலுமிகளோடு வெர்னன்முன் எழுந்து நின்று முறையிடுகிறார். ரிச்சர்ட் குளோவர் எழுதிய அந்தப் பாட்டு மந்திரியின் பெயரைச் சொல்லவே இல்லை.

கேலி செய்தவர்கள் எல்லோரும் தூய உள்ளத்தினர் என்றும் எண்ண வேண்டாம்; எதிர்க்கட்சிப் பிரபுக்களின் ஆதரவு பலருக்கு இருந்தது. வால்போலும் கை கட்டி இருக்கவில்லை. 1742இல் அவர் பதவி விலகியபின் நடந்த விசாரணையில், பத்தாண்டுகளில் பத்திரிகைகளுக்கும் எழுத்தாளர்களுக்கும் அரசுப் பணம் 50,000 பவுனுக்கு மேல் கொடுக்கப்பட்டது வெளிவந்தது. அந்தப் பணத்தில் எழுதப்பட்டவற்றில் ஒன்றையாவது இன்று யாரும் பாடுவதாகத் தெரியவில்லை.