குட்டி யானைக்கு எத்தனை லட்சம் பாலிசி போதும்?

கேள்வி: ஈரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். சரக்கு இறக்க இரண்டு குட்டி யானை (டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டி) ஓடுகின்றன. அவசரமென்றால் என் சொந்தக் காரிலும் பெயின்ட் டப்பாக்களை அனுப்புவேன். யாராவது அடிபட்டால் கேஸ் என் தலையில் விழும். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கான காப்பீடு) எத்தனை லட்சத்துக்குப் போட வேண்டும்?

பதில்: லட்சக் கணக்கை விடுங்கள். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தேர்டு பார்ட்டி பாலிசியில் உச்ச வரம்பே கிடையாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 10 லட்சம் என்றாலும் 1 கோடி என்றாலும் இன்சூரன்ஸ் கம்பெனிதான் கட்ட வேண்டும். பிரீமியத்திலும் பேரம் இல்லை. அரசு நிர்ணயித்த தொகைதான், எல்லாக் கம்பெனியிலும் ஒன்றே. 2022 அறிவிப்பின்படி மொத்த எடை (வண்டியும் சரக்கும் சேர்த்து) 7,500 கிலோ வரையான சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

வரம்பு இருப்பது அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு. வழக்கமாக 7.5 லட்சம். சொற்பத் தள்ளுபடிக்காக அதை 6,000 ரூபாயாக இறக்கிவிடும் ஏஜென்ட்டுகள் உண்டு. பாலிசியை எடுத்து அந்த வரியைப் பாருங்கள். 6,000 ரூபாயில் ஒரு காரின் பம்பர்கூடச் சரியாகாது.

உங்களுக்கு நிஜமான ஆபத்து வேறு. டிரைவரின் லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால், கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கலாம். எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸே 7,500 கிலோ வரை போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, சரி. ஆனால் காலாவதித் தேதியை யார் பார்ப்பது? நீங்கள்தான்.

அப்புறம் லோடுமேன்கள். சிமென்ட் மூட்டை மேல் இரண்டு பேர் உட்கார்ந்து போவதைத் தினமும் பார்க்கிறோம். ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) டிரைவரோடு சேர்த்து இருக்கை 2 என்றுதான் இருக்கும். மேலே இருப்பவர் விழுந்தால் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். ஏற்றாதீர்கள். டிரைவர், லோடுமேன் இருவருக்கும் முதலாளியின் சட்டப் பொறுப்பு (வேலையில் அடிபட்டால் நீங்கள் தர வேண்டிய இழப்பீடு) பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அதற்கான கூடுதல் பிரீமியம் டீ, வடைக் காசுதான்.

காரில் சரக்கு அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். அது சொந்த உபயோகப் பாலிசி. பின் சீட்டில் பெயின்ட் டப்பா இருந்தால் கம்பெனி அதைக் காட்டியே தகராறு செய்யும்.

ஆர்.சி. யார் பெயரில் என்று எழுதவில்லையே? உங்கள் பெயரில் இருந்து, நீங்களே ஓட்டும்போது விபத்தானால் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அது பொருந்தாது. தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்துக்கொள்ளுங்கள்.