சிஸ்டர் பதில்கள்: மூன்று வரி நோட்டும் ஒரு டம்ளர் கரைசலும்

(அரசு மருத்துவமனையில் 34 ஆண்டுகள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற சிஸ்டர், வாசகர்களுக்கு எழுதும் பதில்கள்.)

கேள்வி: என் மகள் சொன்னாள் என்று தினமும் ராத்திரி மூன்று விஷயங்களுக்கு நன்றி எழுதி வருகிறேன். முதல் வாரம் நன்றாக இருந்தது. இப்போது ‘வீடு, பிள்ளைகள், உடல்நலம்’ என்று அதையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன். எனக்கு மனசு மரத்துவிட்டதா? (வாசகி, மன்னார்குடி)

மரத்துப் போகவில்லை அம்மா. நான் வேலையில் சேர்ந்த புதிது. நைட் டூட்டியில் ஜுரம் பார்த்துச் சார்ட்டில் ஏற்ற வேண்டும். நாற்பது கட்டில். கால் கடுத்ததில் கடைசி ஏழெட்டுப் பேருக்கு ஆளைப் பார்க்காமலே 98.6 என்று எழுதிக்கொண்டே போனேன். காலையில் ஹெட் சிஸ்டர் ஒரு கட்டிலைக் காட்டினார். “ஏம்மா, இந்த ஆள் நேத்து சாயங்காலமே டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போயிட்டாரே. நீ பஸ் ஏறிப் போய் ஜுரம் பார்த்துட்டு வந்தியா?”

உங்கள் ‘வீடு, பிள்ளைகள், உடல்நலம்’ அந்த 98.6 மாதிரிதான். எழுத்து இருக்கிறது, பார்த்தது இல்லை.

தினமும் எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். அமெரிக்க உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் அவரோடு இருந்தவர்களும் இதை ஆறு வாரம் சோதித்துப் பார்த்து 2005இல் எழுதியிருக்கிறார்கள். வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. மருந்தென்றால் அளவு உண்டுதானே. நானும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எழுதுகிறேன், அதுவும் ஒரே ஒரு விஷயம். போன வாரம் எழுதியது இது: எனக்கு முட்டி வலி. நிறுத்தத்தில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. டவுன் பஸ் டிரைவர் அதைத் தாண்டி நாலடி முன்னால் கொண்டுபோய், நடைமேடையை ஒட்டினாற்போல் நிறுத்தினார். படி எனக்கு எட்டியது. நான் உட்காரும் வரை கண்டக்டர் விசில் கொடுக்கவில்லை. அவ்வளவுதான், அரைப் பக்கம்.

இன்னொன்று. இப்போது ‘தேங்க்ஸ்’ சொல்லும் இடத்தில் நன்றி என்கிறோம். பழைய தமிழில் நன்றி என்றால் ஒருவர் நமக்குச் செய்த நல்லது. அதனால்தான் குறளில் அந்த அதிகாரத்துக்குப் பெயர் ‘செய்ந்நன்றி அறிதல்’. செய்ததைத் தெரிந்துகொள்வதுதான் அங்கே பேச்சு. நீங்களும் ‘பால் வந்தது’ என்று எழுதாமல், பாக்கெட் நனையாமல் இருக்கப் பால்காரர் மேலே என்ன போர்த்திக் கொண்டுவந்தார் என்று பாருங்கள். நோட்டு தானாக நிரம்பும்.

கேள்வி: வேலை போய் ஏழு மாதம். பார்க்கிறவர்கள் எல்லாம் ‘இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படு’ என்கிறார்கள். கோபம்தான் வருகிறது. தப்பா? (பெயர் வேண்டாம், கரூர்)

தப்பே இல்லை தம்பி. என் வீட்டுக்காரர் 11 நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தார். பார்க்க வந்த உறவுக்கார அம்மா, “நர்ஸே பொண்டாட்டியா வாய்ச்சிருக்கு, கொடுத்து வச்ச மனுஷன்” என்றார். கையில் இருந்த பிளாஸ்க்கை விட்டெறியலாமா என்று இருந்தது. அடுத்தவர் வலிக்கு நம் வாயால் கணக்குப் போட்டுக் காட்டுவது ஆறுதல் ஆகாது.

அதே 11 நாளில் கேன்டீன் பையன் ஒருவன் எனக்குச் சாம்பாரைத் தனியாகக் கட்டிக் கொடுப்பான். “நீங்க எப்பச் சாப்பிடுவீங்களோ, இட்லி ஊறிடும்ல” என்பான். அன்றைக்கு நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று வருஷம் கழித்து ஒருநாள் இட்லி கட்டும்போது அவன் ஞாபகம் வந்தது. அது வருகிற நேரத்தில் வரும். இப்போதே தேட வேண்டும் என்று உங்களுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் இருந்தால் மட்டும் தள்ளிப் போடாமல் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கேள்வி: உங்களுக்கு உந்துதல் தருகிறவர் யார்? சுவரில் மாட்டுகிற படமாகச் சொல்லாமல், தினமும் கையில் படுகிற மாதிரி ஒன்றைச் சொல்லுங்கள். (வாசகர், ஒசூர்)

என் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கும், வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி. அதுதான்.

1971, வங்கதேசப் போர். மேற்கு வங்க எல்லையில் பாங்காவ்ன் என்ற ஊரில் அகதிகள் வந்து குவிகிறார்கள், காலரா. நரம்பில் ஏற்றுவதற்குச் சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டே வருகிறது. அங்கே இருந்த டாக்டர் திலீப் மஹலநபிஸ், சமையல் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கரைத்து டிரம்மில் வைத்து, கூட இருந்த சொந்தக்காரர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். 100 பேருக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே இறங்கியது. விஷயம் இதுதான்: காலராவிலும் குடல், சர்க்கரையை உள்ளே வாங்கும், வாங்கும்போது உப்பையும் சேர்த்து இழுக்கும், உப்பு போகும் பக்கம் தண்ணீர் போகும். அவர் 2022இல் காலமானார். பத்ம விபூஷண் 2023இல் வந்தது. இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக.

ஒரு பாட்டி, பேரனுக்கு ஒரு வயசு இருக்கும். வயிற்றுப்போக்கில் கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர் வரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு டம்ளரையும் ஸ்பூனையும் பாட்டி கையில் கொடுத்தேன். அடுத்த கட்டில் ஆட்கள் எல்லாம், டிரிப்ஸ் போடாமல் வெறும் தண்ணீரைக் கொடுக்கிறாளே என்று முணுமுணுத்தார்கள். பாட்டி யாரையும் சட்டை செய்யவில்லை. ஒரு ஸ்பூன் ஊட்டுவார், முந்தானையால் வாயைத் துடைப்பார், அடுத்த ஸ்பூன். நான் ரவுண்டு போகும்போதெல்லாம் அதே உட்காரல். விடியற்காலை ஐந்து மணிக்கு வார்டே எழுந்துகொள்ளும்படி ஒரு சத்தம். ஓடினேன். பாட்டி மடியில் சேலை நனைந்து தரைவரை சொட்டுகிறது. வாயெல்லாம் பல்.

“சிஸ்டர், ஒண்ணுக்குப் போயிட்டான்!”